மூன்றாவது கூப்பாடு

அன்றைக்குக் கேட்டதற்காக உன் மேல் எனக்குக் கோபம் என்று நினைத்துக்கொண்டேதான் நீ கப்பல் ஏறியிருப்பாய், ஐயா. கோபம் இல்லை. நீ கேட்டதும் பதில் சொல்லாமல் எழுந்துபோய், ஏற்கெனவே தீனி தின்ற கோழிகளுக்கு மறுபடியும் நொய் அள்ளிப் போட்டேனே, அது வாய் வராமல் போனதால். இந்த அத்தைக்கு வாய் வராமல் போனது என்று சொன்னால் திக்லிபூரில் ஒருத்தரும் நம்ப மாட்டார்கள். உப்பு வாங்கப் போனால் உப்பு கரைகிற வரைக்கும் பேசிவிட்டு வருகிறவள் என்று உன் அப்பனே என்னைக் கேலி செய்வான். ஆனால் நீ தலையைக் குனிந்துகொண்டு, கையிலிருந்த டம்ளரை உருட்டிக்கொண்டு, "அத்த, அப்பாவுக்குக் காரியம் பண்ணிரலாமா?" என்று கேட்டபோது எனக்குள் இருந்த பேச்செல்லாம் எங்கேயோ போய் ஒளிந்துகொண்டது. இப்போது நீ போர்ட் பிளேயர் போய்ச் சேர்ந்து ஆபீசுக்கும் போக ஆரம்பித்திருப்பாய். எதிரில் நீ இல்லை என்றதும் எனக்குப் பேச்சு வருகிறது. மூன்றாம் வகுப்போடு நின்ற படிப்பு, எழுத்து கோணலாக இருக்கும். பொறுத்துக்கொண்டு படி.

பெண் வீட்டார் கேட்டதில் தப்பு இல்லை. போர்ட் பிளேயர் பக்கத்துச் சிப்பிகாட்டில் காய்கறி போட்டுப் பிழைக்கிற குடும்பம், சாமி பயம் உள்ளவர்கள். கல்யாணப் பத்திரிகையில் உன் அப்பன் பெயருக்கு முன்னால் என்ன போடுவது என்று அவர்களுக்குத் தெரிய வேண்டாமா? இருக்கிறவனுக்குப் போடுகிற மாதிரியா, போனவனுக்குப் போடுகிற மாதிரியா? மலைக்குப் போனவன் திரும்பவில்லை, உடம்பும் கிடைக்கவில்லை என்றால், தர்ப்பையில் ஆள் உருவம் கட்டி அதை எரித்துக் காரியம் செய்யலாம், தீட்டுக் கழித்து ஆவணியில் தாலி கட்டலாம் என்று அங்கே கோயில் ஐயர் சொல்லிவிட்டார் என்றாய். இதை எனக்கும் பல பேர் பல வருஷமாகச் சொல்லிப் பார்த்தார்கள். நான்தான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. உன் அம்மாவுக்கு வருஷம் தவறாமல் திதி கொடுக்கிறோம். என் வீட்டுக்காரருக்கு அமாவாசைக்கு இலை போடுகிறேன். உன் அப்பனுக்கு மட்டும் இலை போட்டதில்லை. அவன் சாப்பிட்ட வட்டிலைத் தினமும் கழுவி, கவிழ்க்காமல் நிமிர்த்தியே வைத்திருக்கிறேன். கவிழ்த்தால் அவன் போய்விட்டான் என்று நானே சொன்ன மாதிரி ஆகிவிடும் என்று பயம்.

உனக்கு அவன் முகம் ஞாபகம் இல்லை என்று ஒரு தடவை சொன்னாய். நாலு வயதில் எப்படி இருக்கும்? அவன் எனக்குத் தம்பி, நான் இடுப்பில் தூக்கி வளர்த்தவன். உன் அம்மா உன்னைப் பெற்ற கொஞ்ச நாளில் காய்ச்சலில் போனதும், கம்பத்துப் பக்கம் எங்கள் ஊரில் புருஷனும் இல்லாமல் பிள்ளையும் இல்லாமல் உட்கார்ந்திருந்த எனக்கு ஆள் மூலம் சொல்லி அனுப்பினான், "அக்கா, நீ வந்தாத்தான் இந்தப் பிள்ள பொழைக்கும்" என்று. மெட்ராஸில் கப்பல் ஏறி, முருகா முருகா என்று வாந்தி எடுத்துக்கொண்டே வந்து இறங்கினேன். கப்பல் துறையில் வைத்தே உன்னை என் கையில் கொடுத்து, "இந்தாக்கா ஒம் மருமகன்" என்றான். தம்பி பிள்ளை எனக்கு மருமகன் முறைதான். ஒரு நாளும் அப்படிக் கூப்பிட எனக்கு வாய் வரவில்லை. வண்டியில் வரும்போது அழுதுகொண்டே அவனிடம் கேட்டேன், கும்பிடுவதற்கு இங்கே ஒரு மலையாவது இருக்கிறதா என்று.

"அன்னா இருக்கு பாரு."

"எங்கடா?"

"மேகம் ஒக்காந்திருக்குல்ல, அதுக்குக் கீழ."

"இதா? நம்ம ஊரு மலைக்கு இது கன்னுக்குட்டி மாதிரியில்ல இருக்கு!"

"மெதுவாப் பேசுக்கா. இந்தத் தீவுகள்லயே இதுதான் பெருசு. காதுல விழுந்துச்சுன்னா கோவிச்சுக்கிட்டு மழைய நிறுத்திப்புடும்."

அழுதுகொண்டிருந்த நான் சிரித்துவிட்டேன். ஆபீஸ்காரர்கள் அதை சேடில் பீக் என்கிறார்கள், குதிரைமேல் போடுகிற சேணம் மாதிரி இருக்கிறதாம். குதிரையை நாங்கள் எங்கே கண்டோம்? அவனுக்கு அது காளையின் திமில். திமில்மலை என்றுதான் சொல்லுவான். அதைச் சுற்றி அப்போதுதான் காடு வெட்டி ஊர்கள் எழும்பிக்கொண்டிருந்தன. வங்காளிகள் நெல் போட்ட ஊர்கள், ராஞ்சிக்காரர்கள் மரம் வெட்டிய குடிசைகள், நடுவில் உப்புக்கல் தூவின மாதிரி மலையாளத்தார் கொஞ்சம், நாம் கொஞ்சம். ஒருத்தர் பாஷை ஒருத்தருக்குத் தெரியாது, அரைகுறை இந்திதான் எல்லோருக்கும். ஆனால் காலையில் எழுந்ததும் எல்லோரும் ஒரே திசையைத்தான் பார்ப்பார்கள். திமிலில் மேகம் உட்கார்ந்திருந்தால் நெல் காயப்போட மாட்டார்கள். அங்கிருந்து இறங்குகிற ஓடையை இங்கே நாலா என்கிறார்கள், அது செம்மண் நிறமாக வந்தால் பிள்ளைகளை இறங்க விடமாட்டார்கள். எனக்குப் பழனி தூரம், இது பக்கம். அதைப் பார்த்தே விளக்கேற்றினேன். இன்றைக்கும் அப்படித்தான்.

எங்கள் ஆத்தாவைப் பற்றி உனக்கு அதிகம் சொன்னதில்லை. மலையடிவாரத்தில் சுள்ளி பொறுக்கிப் பிள்ளைகளைக் காப்பாற்றினவள். எனக்கும் தம்பிக்கும் அவள் சொன்ன புத்தி ஒன்றே ஒன்று: "காட்டுக்குள்ள ஒம் பேரச் சொல்லி யாரு கூப்பிட்டாலும் மொதக் கூப்பாட்டுக்கு வாயத் தொறக்காத. ரெண்டாவதுக்கும் தொறக்காத. பேய் ரெண்டு தடவைக்கு மேல கூப்பிடாது. மூணாவதும் கூப்பிட்டாத்தான் அது மனுசன்." கோயிலுக்குக்கூட அவன் அத்தனை ஒழுங்காகப் போனவன் இல்லை, இதை மட்டும் விடமாட்டான். கடல் தாண்டி வந்தும் விடவில்லை. நம் பக்கத்து வயல் மாலதி தீதி, அக்காவைத் தீதி என்கிற வங்காளத்துக்காரி, டீ போட்டு வைத்துக்கொண்டு காட்டோரத்தில் விறகு பிளக்கிறவனை "வேலு பாய்!" என்று தம்பி முறை வைத்து ஒரு குரல் கொடுப்பாள். அவன் கோடாலியைக்கூட நிறுத்த மாட்டான். இன்னொரு குரல், அதற்கும் அசைய மாட்டான். டீ ஆறிப்போகும். என்னிடம் வந்து, "அரே தீதி, உன் தம்பிக்குக் காது கேக்காதுன்னு முன்னாடியே சொல்லக்கூடாதா? நான் பாட்டுக்குத் தொண்டையக் கிழிச்சுக்கிறேன்" என்பாள். செவிடன் என்பதற்கு இந்தியில் பஹ்ரா. அவனுக்கு அவள் வைத்த பெயரே பஹ்ரா பாய். அவனும் சிரிப்பானே தவிர, காரணம் சொல்ல மாட்டான். காரணத்தைச் சொன்னால் பேய் அதைக் கேட்டுக்கொண்டு மூன்றாவது தடவையும் கூப்பிடுமாம்.

அந்த நாள் ஆடி மாதத்தில் வந்தது. கான்டிராக்டர் ஒருத்தருக்குப் பிரம்பு வெட்ட ராஞ்சிக்கார ஆட்களோடு மலைக்குப் போனான். அவர்களில் சோம்ரா என்கிறவன் அவனுக்குக் கூட்டாளி, உனக்கும் தெரியும், மூங்கிலில் உனக்குக் குழல் செய்து கொடுத்தவன். பாதி மலைக்கு மேல் நல்ல பிரம்புப் புதர் ஒன்றைப் பார்த்துவிட்டு, "நீங்க கட்டிக்கிட்டு இருங்க, நான் இத முடிச்சுட்டு வாரேன்" என்று உன் அப்பன் ஒதுங்கிப் போயிருக்கிறான். அந்த நேரம் பார்த்து மேகம் இறங்கிவிட்டது. பக்கத்தில் நிற்கிறவன் முகம் தெரியவில்லையாம். சாயங்காலம் அவர்கள் மட்டும் வந்தார்கள். சோம்ரா முற்றத்தில் வந்து நின்று வீட்டுக்குள் எட்டிப் பார்த்தான்.

"வேலு பாய் வந்தாச்சா?"

"ஒங்ககூடத்தான வந்தான்? எங்கிட்டக் கேக்குறே?"

"கூப்பிட்டோம் தீதி. பதில் இல்ல. முன்னாடியே எறங்கிட்டான்னு நெனச்சோம்."

"எத்தன தடவ கூப்பிட்டீங்க?"

அவனுக்கு அந்தக் கேள்வி புரியவே இல்லை. என்னை விசித்திரமாகப் பார்த்தான். "ஒரு தடவ நான் கூப்பிட்டேன். கொஞ்சம் எறங்கி வந்து இன்னொரு தடவ. மேகத்துக்குள்ள எத்தன தடவ கூப்பிட முடியும்?" என்றான். அவன் மேல் என்ன குற்றம்? மழை வருமுன் மற்றவர்களையும் இறக்கிக் கொண்டுவர வேண்டியவன். ஆனால் எனக்குக் கண்ணில் தெரிந்தது ஐயா, இன்றைக்கும் தெரிகிறது. புதருக்கு அந்தப் பக்கம் என் தம்பி அரிவாளோடு நிற்கிறான். காதில் விழுகிறது. ஒன்று என்று எண்ணுகிறான். இரண்டு என்று எண்ணுகிறான். மூன்றுக்காக வாயைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருக்கிறான்.

மறுநாள் விடிந்ததும் சுற்று ஊர்களெல்லாம் திரண்டு வந்தன. வங்காளிகள் வந்தார்கள், ராஞ்சிக்காரர்கள் வந்தார்கள், பஜாரில் கடை வைத்திருந்த நம் தமிழ் பாய் கடையைச் சாத்திவிட்டு வந்தார். ஒவ்வொருத்தர் கையையும் பிடித்துக்கொண்டு சொன்னேன், ஒரே இடத்தில் நின்று மூன்று தடவை கூப்பிடுங்கள், அதற்குக் குறைந்தால் அவன் பேச மாட்டான் என்று. மாலதி தீதி வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு அழுதாள். "அப்ப அவன் பஹ்ரா இல்லையா? என் கூப்பாடெல்லாம் கேட்டுக்கிட்டுத்தான் இருந்தானா?" என்று கேட்டாள். நீ என் சேலையைப் பிடித்து இழுத்து, "நானும் போறேன், நானும் போறேன்" என்று அடம்பிடித்தாய். அட்டை கடிக்கிற காட்டுக்குள் பச்சைப்பிள்ளைக்கு என்ன வேலை என்று ஆளுக்கு ஆள் உன்னைத் தடுத்தோம். மலை முழுக்க அவன் பெயர் கேட்டது. ஆனால் மழையும் கூடவே கேட்டது. பெய்யென்று பெய்த மழை, நாலா சிவந்து கரைபுரண்டு ஓடியது, பத்தடி தள்ளி நிற்கிறவன் கூப்பாடுகூடக் காதில் விழவில்லை என்றார்கள். அவனுடைய அரிவாள்கூட அகப்படவில்லை. போலீஸும் வந்து பார்த்துவிட்டுப் போனது. ஒவ்வொரு ஊராகத் தேடுவதை விட்டுவிட்டு நாற்று நடப் போனது. அவர்களையும் குறை சொல்ல முடியாது, மழை போனால் அந்த வருஷத்துச் சோறு போகும்.

நான் காரியம் வேண்டாம் என்றதற்குக் காரணம் இதுதான். இத்தனை வருஷமாக உன்னிடம் சொல்லவில்லை, சொன்னால் படித்த பிள்ளை, சிரிப்பாய் என்று நினைத்தேன். சரியாகக் கூப்பிடாத மனுசனை எப்படி எரிப்பது? மழை வெறித்த பிறகு சாயங்காலம் தோறும் நாலா ஓரம் போய் நின்று கூப்பிட்டேன். பிறகு செவ்வாயும் வெள்ளியும் மட்டும் போனேன். என்னைப் பார்த்துப் பார்த்து, மலைக்குப் பிரம்புக்கும் தேனுக்கும் போகிற ஆட்களும் அந்த இடத்தில் நின்று "வேலு பாய்" என்று மூன்று தடவை குரல் கொடுத்துவிட்டுப் போக ஆரம்பித்தார்கள். எனக்காகத்தான் செய்தார்கள். அவர்கள் பிள்ளைகள் அதைப் பார்த்துப் படித்துக்கொண்டார்கள்.

உனக்கு மட்டும் ஆத்தா சொன்னதை நான் சொல்லிக்கொடுக்கவில்லை. நீ பாதிச் சோற்றில் இருந்தாலும், விளையாட்டில் இருந்தாலும், நான் ஒரு குரல் கொடுத்தால் "என்ன அத்த" என்று ஓடி வருவாய். உன் கூட்டாளிகள் உன்னை அத்தையின் நாய்க்குட்டி என்று கேலி செய்ததும், நீ அழுதுகொண்டு வந்ததும் ஞாபகம் இருக்கிறதா? நான் உன்னைத் தேற்றவே இல்லை. உள்ளுக்குள் எனக்குச் சந்தோஷம். பேய் வந்தால் வரட்டும், இந்தப் பிள்ளை கூப்பிட்டதும் பேசட்டும் என்று நான் முருகனிடம் சொல்லி வைத்திருந்தேன். அதே மாதிரி இரு ஐயா. வரப்போகிற பெண் சிப்பிகாட்டிலிருந்து புதுவீட்டுக்கு வருகிறவள். அவள் உள்ளேயிருந்து கூப்பிட்டால், பேப்பரைப் படித்துக்கொண்டு உம் கொட்டாமல், முதல் குரலுக்கே எழுந்து போய் என்னவென்று கேள். கோபமாக இருக்கிற அன்றைக்கும் கேள். பேசாமல் இருந்து யாருக்கும் பாடம் கற்பிக்க நினைக்காதே. காத்திருக்கிறவளுக்கு நீ கோபித்துக்கொண்டிருக்கிறாயா, காணாமல் போய்விட்டாயா என்று தெரியாது.

நீ கப்பல் ஏறின மறுநாள் வெள்ளிக்கிழமை. நாலா ஓரம் போனேன். முழங்கால் வலியால் ரொம்ப நாளாகப் போகவில்லை. நான் நின்று கூப்பிடுகிற இடத்தில் ஒரு கல் நட்டிருந்தது. கல் முழுக்கச் சிந்தூரம். முன்னால் புதிதாய் உடைத்த தேங்காய், பக்கத்தில் பதாசா மிட்டாய், எறும்பு மொய்த்துக்கொண்டிருந்தது. மாலதி தீதியின் பேத்தி ஆட்டை ஓட்டிக்கொண்டு அங்கே வந்தாள். சித்தி முறை வைத்து என்னை மவுசி என்பாள்; அவள் இந்தியில் பேசியதை நம் பேச்சில் எழுதுகிறேன்.

"மவுசி, நீங்களும் பாபாவக் கும்பிட வந்தீங்களா?"

"எந்தப் பாபா?"

"வேலு பாபா! மூணு தடவ கூப்பிட்டுட்டுப் போனா, காட்டுக்குள்ள வழி தவற விடமாட்டாரு. எங்க ஆடு காணாமப் போச்சுல்ல, அவருதான் திருப்பி அனுப்புனாரு."

"அவரு யாரு தெரியுமா ஒனக்கு?"

"பாபாதான். எப்பவும் இங்கதான் இருக்காரு."

"அவனுக்கு ஒரு அக்கா உண்டு, தெரியுமா?"

அவள் கல்லைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள். "பாபாவுக்குப் போய் யாராச்சும் அக்கா இருப்பாங்களா, மவுசி?"

எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தச் சிந்தூரத்தை முந்தானையால் துடைத்துவிடப் போனேன். உயிரோடு இருக்கிறவனுக்கு யாராவது கல் நடுவார்களா? குனிந்தவள் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். தேங்காய்த் தண்ணீர் கல்மேல் இன்னும் ஈரமாக இருந்தது. கல்லுக்குமேல் மழை படாமல் இருக்க யாரோ பாக்கு மட்டையில் சின்னக் கூரை போட்டிருந்தார்கள். மலையைச் சுற்றியுள்ள ஊர்க்காரர்கள், அவன் பாஷை தெரியாதவர்கள், அவனைப் பார்த்தே இராதவர்கள், அவனை நனையாமல் ஒரு இடத்தில் உட்கார வைத்துவிட்டார்கள். நான் ஒருத்திதான் அவனை இன்னும் நடக்கவிட்டுக்கொண்டிருக்கிறேன், அந்த மழையில், பசியோடு, அரிவாளைத் தூக்கிக்கொண்டு. கழுவிக் கழுவி நிமிர்த்தி வைத்த அந்த வட்டிலில் இத்தனை வருஷத்தில் ஒரு பருக்கை நான் போடவில்லையே என்று அப்போதுதான் உறைத்தது.

அதனால் சம்மதம் ஐயா. காரியம் செய்துவிடலாம், பெண் வீட்டாரிடம் சொல்லிவிடு. பத்திரிகையில் அவன் பெயருக்கு முன்னால் போட வேண்டியதைப் போடச் சொல். ஆனால் போர்ட் பிளேயரில் வேண்டாம். ஆடி அமாவாசைக்கு முந்தின கப்பலில் நீ இங்கே வா. கடல் ஆடும், வெறும் வயிற்றோடு ஏறாதே. நாலா ஓரத்தில், மலையைப் பார்த்த மாதிரி வைத்துச் செய்யலாம். தர்ப்பைக்கு நீ ஏற்பாடு செய், மற்றதெல்லாம் இங்கே உண்டு. சோம்ரா கிழவனாகிவிட்டான், இருந்தாலும் வந்து நிற்கிறேன் என்கிறான். மாலதி தீதியும் வருவாள், டீ போட்டு எடுத்து வருவாளாம், அவளை யாரும் தடுக்கக் கூடாது. வட்டிலை நான் கவிழ்க்கமாட்டேன், என்னால் ஆகாது. முதலில் அதில் அவனுக்குச் சோறு போட்டுப் படைத்துவிட்டு, பிறகு நீ உன் கையால் கவிழ்த்து வை. நெருப்பு வைக்கும் முன்னால் மலையைப் பார்த்து நின்று சத்தமாகக் கூப்பிடு. அவசரப்படாதே. ஒரு தடவை கூப்பிட்டு நிறுத்து, இரண்டாவதும் கூப்பிட்டு நிறுத்து, மூன்றாவது தடவைக்குப் பிறகுதான் நெருப்பு. ஐயர் நேரமாகிறது என்று சொன்னாலும் கேட்காதே.

இதை எழுதும்போதே ஒன்று ஞாபகம் வருகிறது. இத்தனை காலம் எங்கே இருந்ததோ தெரியவில்லை. நீ பேசப் பழகின புதிது. காட்டோரம் அவன் விறகு பிளந்துகொண்டிருந்தான், மாலதி தீதி அப்போதுதான் கூப்பிட்டு ஓய்ந்திருந்தாள். நீ பாக்கு மரத்துக்குப் பின்னாலிருந்து "அப்பா" என்று ஒரே ஒரு குரல் கொடுத்தாய். "என்னய்யா!" என்று கோடாலியைப் போட்டுவிட்டு ஓடி வந்தான். நான் திட்டினேன், "ஏண்டா, மொதக் கூப்பாட்டுக்கே வாயத் தொறக்குற? ஆத்தா சொன்னது மறந்துபோச்சா?" என்று. உன்னைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு அவன் சொன்னான்: "அது பேரச் சொல்லிக் கூப்பிட்டாத்தான்க்கா. எம் பிள்ள அப்பான்னு கூப்பிட்டா, எண்ணிக்கிட்டா நிக்க முடியும்?"